அளவுக்காரர் ஒரு மாதிரியான ஆள்

அளவுக்காரரை உங்களுக்கு வேறு யாரும் அறிமுகப்படுத்தி வைக்க வேண்டியதில்லை. அந்த வேலையை அவரே பார்த்துக்கொள்வார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "முன்னாடியே சொல்லிடுறேங்க, நான் கொஞ்சம் ஒரு மாதிரியான ஆளு" என்பார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். அந்த இடைவெளியில் நீங்கள், "சேச்சே, அப்படியெல்லாம் தெரியலையே" என்று சொல்லிவிடக் கூடாது. மனிதர் முகம் வாடிப்போகும். "அப்படியா, எப்படி?" என்றுதான் கேட்க வேண்டும். கேட்டீர்களோ தொலைந்தீர்கள், அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அடங்கும்வரை உங்களை விட மாட்டார்.

அவர் வேலை பார்த்தது கடைவீதியில் ஒரு திரைத்துணிக் கடையில். வீடு வீடாகப் போய் ஜன்னலையும் வாசலையும் அளந்துவிட்டு வருவது அவர் பொறுப்பு. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயது ஆண்கள் எல்லோருக்கும் இருக்கிற தொப்பை இருந்தது, அவர்கள் எல்லோரும் போடுகிற கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார், நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்த மூக்குக்கண்ணாடியை வீடு முழுக்கத் தேடினார். "இவர் கூட்டத்துல தொலஞ்சுட்டா போலீசுக்கு என்ன அடையாளம் சொல்றதுன்னே எனக்குத் தெரியாது" என்று அவர் மனைவி ஒருமுறை பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். இது அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இரண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டார், அதையும் தன்னுடைய விசித்திரங்களில் ஒன்றாகச் சேர்த்திருப்பார்.

விசித்திரங்களுக்குக் குறைவில்லை. கல்யாணம் காட்சிக்கு அவர் போக மாட்டார், கூட்டம் என்றால் அவருக்கு ஆகாது. பந்து விளையாட்டு பார்க்க மைதானத்துக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருவார், அது வேறு கூட்டம். கையில் பை தூக்க மாட்டார். பை தூக்கினால் யோசனை தடைபடுமாம். கடைத்தெருவில் மனைவி இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு பின்னால் வர, முன்னால் கையை வீசிக்கொண்டு யோசித்தபடி போவார். என்ன யோசித்தார் என்பது இன்றுவரை வெளியே வரவில்லை. மனைவியின் அண்ணன் போன் செய்தால் எடுக்க மாட்டார், போன் சத்தம் அவரை என்னவோ செய்யும். சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவுகிற நேரம் வந்தால் அவருக்குத் தனிமை தேவைப்படும். மொட்டை மாடிக்குப் போய்விடுவார்.

"ஒரு மாதிரியான ஆளாச்சே, என்ன பண்றது" என்று அவரே வருத்தத்தோடு சொல்லிக்கொள்வார்.

மனைவிக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? "இவருக்கு வர்ற கிறுக்கெல்லாம் எவ்வளவு சமத்து பாருங்க. ஒண்ணுகூட இவருக்கு வேலை வைக்காது. எல்லாம் எனக்குத்தான் வைக்கும்" என்பாள். நியாயமான பேச்சு. இதற்கு மேல் இந்தக் கதையில் நான் சொல்லப் போவது பெரிதாக ஒன்றுமில்லை, அவள் சொன்னதற்கு விளக்கவுரைதான்.

எல்லாவற்றிலும் அவருக்குப் பெருமை தந்தது ஒன்று உண்டு. மனதில் பட்டதை மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவாராம். அது உண்மைதான். ஓட்டலில் தண்ணீர் வைக்கிறவரிடம் சொல்லியிருக்கிறார், வாசல் காவலாளியிடம் சொல்லியிருக்கிறார், மனைவியிடம் தினமும் சொல்கிறார். வீட்டுச் சொந்தக்காரரிடமும் கடை முதலாளியிடமும் மட்டும் சொன்னதில்லை. அவர்களைப் பார்க்கும்போது மனதில் எதுவும் பட்டிருக்காது போலிருக்கிறது.

தொழிலில் கெட்டிக்காரர், அதை மறுக்கக் கூடாது. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் டேப்பின் ஒரு முனையை வீட்டுக்காரர் கையில் கொடுத்து ஜன்னல் ஓரமாக நிறுத்திவிடுவார். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரை எங்கேயும் நகர முடியாது. அந்த நேரத்தில்தான், "மேடம், நான் ஒரு மாதிரியான ஆளு, தப்பா நெனச்சுக்காதீங்க, மனசுல பட்டதச் சொல்லிடுறேன்" என்று ஆரம்பிப்பார். வீட்டுக்காரி பயந்துபோய் நிற்பாள். "இந்த ஹாலுக்குச் சாதாரணத் துணி போட்டீங்கன்னா எனக்கு மனசு ஒப்பாது. உங்க ரசனைக்கு லைனிங் வெச்ச கனமான துணிதான் சரி." அந்த அம்மாளுக்குத் தன் ரசனையைப் பற்றி அதுவரை யாரும் பேசியதில்லை. கனமான துணியே போகும். இப்படியாக அவருடைய ஒளிவுமறைவில்லாத பேச்சால் கடை நன்றாகவே நடந்தது.

இனி அவர் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தங்கையும் அதே கடையில்தான் இருந்தாள், பின் அறையில், தையல் மெஷினில். அவரைவிடக் கொஞ்சம்தான் இளையவள். கல்யாணம் ஆகவில்லை, அவர் வீட்டிலேயே பின்பக்கத்து அறையில் இருந்தாள். பிளாஸ்டிக் பையைக் கசக்குகிற சத்தம் கேட்டால் அவளுக்கு உடம்பு கூசும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் காதைப் பொத்திக்கொள்வாள். தோளில் கை வைத்து யாராவது கூப்பிட்டால் அன்றைக்கு அவள் வேலை செய்தாற்போலத்தான். நூல்கண்டுகள் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம்வரை வரிசையாக இருக்க வேண்டும். ஒன்று இடம் மாறியிருந்தாலும் மெஷினை மிதிக்க வராது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தால்தான் தைக்க வரும். நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள்.

கதைகளில் வருகிற மாதிரி இவளுக்கு உள்ளே ஏதோ அபூர்வத் திறமை ஒளிந்திருந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சொன்னால் உங்களுக்கும் மனது நிம்மதியாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. எல்லோரையும் போலத்தான் தைத்தாள். பக்கத்து மெஷினில் இருந்த தையல் மாஸ்டரைவிடக் கொஞ்சம் மெதுவாகவே தைத்தாள். மடிப்பு சுத்தமாக வரும், அவ்வளவுதான்.

தான் ஒரு மாதிரி என்று அவள் தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. மற்றவர்கள் நிறையச் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், தெருவில் சொன்னார்கள், அவள் அம்மாவே கோபத்தில் சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல் காதில் விழாமல் ஒருநாளைக் கழிப்பதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. அதற்காக உழைத்தாள். யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கப் பழகிக்கொண்டாள். கை கழுவிக்கொண்டிருக்கிறவரிடமும் கேட்பாள், காலையில் கேட்டவரிடமே மாலையிலும் கேட்பாள். நாலு பேர் சிரித்தால் அவளும் சிரிப்பாள், மற்றவர்கள் நிறுத்தப்போகிற நேரத்தில் இவளுடையது ஆரம்பிக்கும். இப்படிச் சாயங்காலம்வரை சாதாரணமாக இருந்து இருந்து களைத்துப்போய் வீட்டுக்கு வந்து, விளக்கைக்கூடப் போடாமல் படுத்துக்கொள்வாள்.

சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துக்குத்தான் போனார்கள். அண்ணன்காரன் எப்போதும் நாலு வீடு தள்ளி முன்னால் நடப்பான். கூட வருகிறவள் யாரென்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். அந்த வயதில் "ஒரு மாதிரி" என்பது வசவு. பிற்பாடு நாகரிகம் மாறியது. நாங்கள் கொஞ்சம் வித்தியாசமானவர்கள் என்று சொல்லிக்கொள்வது பெரிய இடங்களில் பெருமையாகிவிட்டது. அளவுக்காரர் பெரிய இடத்து ஜன்னல்களை அளக்கப் போகிறவர், சட்டென்று பிடித்துக்கொண்டார். தங்கைமேல் எறியப்பட்டதை எடுத்துத் துடைத்துத் தன் சட்டையில் குத்திக்கொண்டார். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடையில் அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டது அவர்தான். அந்தப் புண்ணியத்தை மறைக்க வேண்டாம். பழைய முதலாளி விவரம் தெரிந்தவர், "பின் ரூம்ல இருக்கட்டும், யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்று விட்டுவிட்டார். அண்ணனும் தங்கையும் தனித்தனியாகத்தான் கடைக்கு வருவார்கள். கடைக்குள் அண்ணன் அவளை "ஏம்மா" என்று பொதுவாகக் கூப்பிடுவார். கூடப் பிறந்தவர்கள் என்று மாஸ்டருக்குக்கூடத் தெரியாது.

இந்த நிலையில் பழைய முதலாளிக்கு மூட்டுவலி முற்றி, கடை அவர் மகள் கைக்கு வந்தது. சின்ன முதலாளி சுறுசுறுப்பான பெண். கெட்டவர் இல்லை. வந்த வாரமே எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"சாதாரணக் கடை சாதாரணமாத்தான் போகும். எனக்கு வித்தியாசமானவங்கதான் வேணும். ஒவ்வொருத்தரும் உங்ககிட்ட என்ன வித்தியாசம்னு சொல்லுங்க."

மாஸ்டர், தான் சாயங்காலம் பஸ் கிடைக்கிற நேரத்துக்குக் கிளம்பியாக வேண்டும் என்பதைச் சொன்னார். தங்கையின் முறை வந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் முடித்த பிறகு அவளும் சிரித்தாள். நல்ல நகைச்சுவை உணர்வு என்று சின்ன முதலாளி நினைத்துக்கொண்டார்.

பிறகு நம் ஆள் எழுந்தார். வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் அல்லவா? கூட்டம் ஆகாது என்பதில் ஆரம்பித்தார், பை தூக்காததைச் சொன்னார், மூஞ்சிக்கு நேராகப் பேசுவதைச் சொன்னார், மாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்த பிறகும் சொன்னார். சின்ன முதலாளி அசந்துபோய்விட்டார். மறுவாரம் அளவுக்காரரின் படம் பெரிதாக அச்சாகிக் கடை வாசலில் ஏறியது. "இவர் கொஞ்சம் ஒரு மாதிரி. எங்கள் கடையும்தான்" என்று கீழே எழுதியிருந்தது. அது மட்டுமா? கடைக்கே மேற்பார்வை அவர்தான் என்று பேச்சு. இனி வெயிலில் அலைய வேண்டாம், ஸ்டூல்மேல் ஏற வேண்டாம், நாற்காலி போட்டு உட்காரலாம். மாதக் கடைசியில் உறுதி பண்ணிவிடுவதாகச் சின்ன முதலாளி சொன்னார். அளவுக்காரர் தன் படத்தைப் பார்ப்பதற்காகவே வாசலுக்குப் போய்ப் போய் வந்தார்.

சின்ன முதலாளி செய்த இன்னொரு காரியம் கண்ணாடி அறை. தைக்கிறதை வாடிக்கையாளர்கள் கண்ணால் பார்க்க வேண்டுமாம். கடையின் முன்பக்கத்தில், தெருவைப் பார்த்தாற்போல, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைத்து அறை கட்டி, இரண்டு மெஷினையும் அங்கே கொண்டுவந்து போட்டார்கள். மேலே ஒரு ஸ்பீக்கர் காலையிலிருந்து பாடியது. பின் அறையில் திரை மாட்டுகிற கம்பிகளை அடுக்கினார்கள்.

தங்கை முதல்நாள் மெஷினைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். திரும்பவும் தெருவைப் பார்த்துப் போடச் சொன்னார்கள். போட்டாள். மறுநாள் மிச்சம் கிடந்த லைனிங் துணியைக் கண்ணாடியில் தன் பக்கத்துக்கு மட்டும் ஊசி குத்தித் தொங்கவிட்டாள். திரைத்துணி விற்கிற கடையில் ஒரு திரையைத் தொங்கவிட்டது பெரிய குற்றமாகிப்போனது. கழற்றச் சொன்னார்கள். கழற்றினாள். அதற்கு அடுத்த நாள், ஒரு வாடிக்கையாளர் துணி என்ன விலை என்று கேட்பதற்காக அவள் தலைக்குப் பக்கத்தில் கண்ணாடியைச் சாவிக்கொத்தால் தட்டினார். அவள் எழுந்து, துணி வெட்டுகிற மேசைக்கு அடியில் போய், காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். ஒருவர் போனில் படம் பிடித்தார். மாஸ்டர் ஸ்பீக்கரை நிறுத்திய பிறகும் வெகுநேரம் அவள் வெளியே வரவில்லை.

அளவுக்காரர் அப்போது எங்கே இருந்தார் என்று கேட்கிறீர்களா? கடைக்குள்ளேதான். துணிச் சுருள்களுக்குப் பின்னால், மிகவும் அவசரமாக எதையோ அளந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் சின்ன முதலாளி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்த அம்மா என்ன ஒரு மாதிரியா இருக்காங்க? கஸ்டமர்லாம் பயந்துட்டாங்க."

அளவுக்காரர் தலையை ஆட்டினார். வித்தியாசமானவர்கள்தான் வேண்டும் என்று சொன்ன அதே வாய்தான் இது. ஆனால் அவருக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

"நீங்கதான் சேத்துவிட்டதா மாஸ்டர் சொன்னாரு. உங்களுக்கு என்ன வேணும் அவங்க?"

நாற்காலி, நிழல், வாசலில் தொங்குகிற படம் எல்லாம் அவர் கண்முன் வந்து நின்றன. பின் அறை கம்பியைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் கிடந்தது. அவளைத் திரும்ப அங்கே உட்கார வைக்க ஒரே ஒரு பேச்சுதான் தேவைப்பட்டது.

"தெரிஞ்சவங்க மேடம்" என்றார்.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார் சின்ன முதலாளி. "எனக்கு இதெல்லாம் சொல்ல வராது. நீங்கதான் மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளாச்சே. இனிமே வர வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க. பாவம், மனசு நோகாம சொல்லுங்க."

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். எப்படிச் சொன்னாலும் சரியாக வரவில்லை. வீட்டுக்குப் போனதும் அடுப்படியில் இருந்த மனைவியிடம் விஷயத்தைச் சொல்லி, "நீயே பக்குவமாச் சொல்லிடேன்" என்றார்.

"நான் ஏன் சொல்லணும்? கல்யாணத்துக்குப் போறது நான், ஆஸ்பத்திரிக்குப் போறது நான், வீட்டு ஓனர்கிட்ட பேசறது நான். இது ஒண்ணயாவது நீங்க பேசுங்க." கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஆமா, அவ உங்க தங்கச்சின்னு அந்த முதலாளிப் பொண்ணுக்குத் தெரியுமா?"

அவர் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார்.

"உங்களத்தான் கேக்குறேன். தெரியுமா?"

"கேட்டாங்க. தெரிஞ்சவங்கன்னு சொன்னேன்."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள், அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் அவர் செய்த எதுவும் அவளை இந்த அளவுக்குக் கோபப்படுத்தியதில்லை.

வேறு வழியில்லாமல் அளவுக்காரர் பின்பக்கத்து அறைக்குப் போனார். போகும்போதே விசித்திரமாக இருந்தது. எப்போதும் இருட்டாக இருக்கிற அறையில் விளக்கு எரிந்தது. எப்போதும் சாத்தியிருக்கிற ஜன்னல் பின்தெருவைப் பார்த்து அகலத் திறந்திருந்தது. ரேடியோ அலறியது. தங்கை ஜன்னலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாற்காலி விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"என்ன பண்ற?" என்றார்.

"பழகிக்கிறேன்" என்றாள் அவள், ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "ஸ்கூல்ல பெல் சத்தம் பழகினேன்ல. அது மாதிரி இதுவும் பழகிடும். நாளைக்கு மேசைக்கு அடியில போக மாட்டேன். யாராவது கண்ணாடியத் தட்டினா சிரிக்கணுமா, கை காட்டணுமா?"

அவருக்கு நெஞ்சு அடைத்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அடைத்தது. ஆனாலும் பழக்கதோஷம் என்று ஒன்று இருக்கிறதே. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே பாட்டை எடுத்துவிட்டார்.

"இங்க பாரும்மா. இந்த உலகம் நம்மள மாதிரி ஆளுங்களுக்குச் சரிப்படாது. நாமெல்லாம் கொஞ்சம் ஒரு மாதிரி."

அவள் எழுந்து ரேடியோவை நிறுத்தினாள். "நாமன்னா யாரு?"

"நீயும் நானும்தான்."

எதைக் கேட்டாலும் ஒழுங்காக யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். இதையும் யோசித்தாள்.

"நீ இல்லண்ணா."

"என்ன நான் இல்ல?"

"நீ ஒரு மாதிரி இல்ல. நீ எல்லாரையும் மாதிரிதான் இருக்க. உன்னப் பாத்துத்தானே நான் கத்துக்கிட்டேன்."

"எத?"

"எல்லாத்தையும். எல்லாரும் சிரிச்சா நீ எப்ப சிரிக்கிறேன்னு பாப்பேன். நீ சிரிச்சதும் நான் சிரிப்பேன். யாராவது வந்தா நீதான் 'சாப்பிட்டீங்களா'ன்னு கேப்ப. அதத்தான் நானும் கேக்குறேன். ஸ்கூலுக்குப் போறப்ப நீ முன்னாடி நடப்ப. நீ எப்படிக் கை வீசுற, யாருக்குத் தலையாட்டுறன்னு பின்னாடி வந்து பாத்துக்கிட்டே வருவேன். நான் பாக்குறதுக்குத்தான் நீ முன்னாடி போறேன்னு எனக்குத் தெரியும். ரொம்ப உதவியா இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, இன்னும் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று யோசித்தாள். "உன்னவிடச் சாதாரணமான ஆள நான் பாத்ததே இல்லண்ணா. நிறையத் தேடியிருக்கேன்."

குத்திப் பேச அவளுக்கு வராது. அவளுக்குத் தெரிந்த மிக உயர்ந்த பாராட்டைத்தான் அண்ணனுக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ரேடியோவைத் திரும்பப் போட்டு, நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சொல்ல வந்ததைச் சொல்லாமலே அவர் எழுந்து வந்தார். மொட்டை மாடிக்குப் போகவில்லை. அடுப்படியில் கிடந்த பாத்திரங்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கழுவினார் என்று எழுத எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. கழுவவில்லை. ஒரே ராத்திரியில் மனிதன் எவ்வளவுதான் மாறுவான்?

காலையில் கடை திறந்ததும் சின்ன முதலாளியின் அறைக்குப் போனார்.

"சொல்லிட்டீங்களா?"

"இல்ல மேடம்." மூஞ்சிக்கு நேராகப் பேசுவதில் இவ்வளவு சிரமம் இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. "அவ என் தங்கச்சி. கூடப் பொறந்தவ."

சின்ன முதலாளி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சவங்கன்னு சொன்னீங்களே?"

நான் கொஞ்சம் ஒரு மாதிரியான ஆள் மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க என்று வழக்கமான பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றது. தங்கை சொன்னதைக் கேட்ட பிறகு அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"வெக்கமா இருந்துச்சு மேடம்" என்றார்.

அதற்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. அவளுக்குச் சத்தம் ஆகாது, யாரும் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது, சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் ஒழுங்காகத் தைப்பாள், பின் அறையில் இருக்கிற கம்பியை மாடிப்படிக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்று குனிந்த தலை நிமிராமல் சொல்லி முடித்தார்.

"இவ்வளவுதானா?" என்றார் சின்ன முதலாளி. "இத மொத நாளே சொல்லியிருந்தா அவங்கள அந்த ரூமவிட்டு நான் எழுப்பியே இருக்க மாட்டேனே. மாஸ்டர் ஒருத்தர் முன்னாடி உக்காந்தா போதாதா எனக்கு?"

இதுதான் அவருக்கு நிஜமாக வலித்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"அவங்கள பின் ரூமுக்கே போகச் சொல்லுங்க. மேற்பார்வைக்கு நான் மாஸ்டரையே போட்டுக்கிறேன். கூடப் பொறந்தவங்களையே தெரிஞ்சவங்கன்னு சொல்றவர நம்பிக் கடைய எப்படி விடுறது, நீங்களே சொல்லுங்க."

வாசல் படத்தை என்ன செய்வது என்று கேட்கலாமா என்று நினைத்தார், அந்த அளவுக்குப் புத்தி இருந்ததால் கேட்கவில்லை.

பின் அறையில் இருந்த கம்பிகளை அவரே தூக்கி மாடிப்படிக்குக் கீழே போட்டார். யாரையும் கூப்பிடவில்லை. சட்டையெல்லாம் தூசி. மாஸ்டரும் அவரும் மெஷினைக் கொண்டுவந்து சுவரைப் பார்த்துப் போட்டார்கள். தங்கை வந்து ஜன்னலைச் சாத்தினாள், நூல்கண்டுகளை வெளிர் நிறத்திலிருந்து அடுக்க ஆரம்பித்தாள். மாஸ்டர் போய்விட்டார். அளவுக்காரர் மிச்சமிருந்த ஒரு கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

"எதுக்குண்ணா திரும்ப இங்கயே மாத்துனாங்க?"

"நான் பேசினேன்."

"என்னன்னு?"

"நீ என் தங்கச்சின்னு சொன்னேன்."

அவள் கையில் எடுத்த நூல்கண்டை வைக்காமல் திரும்பிப் பார்த்தாள்.

"அது அவங்களுக்குத் தெரியாதா? ஏண்ணா?"

அவளுக்குச் சும்மா கேட்டு வைக்கிற பழக்கம் கிடையாது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருகிறவரை காத்திருப்பாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.